ஏடும் யானையும்

யானையைக் குறிக்கத் தமிழிலே உள்ள பெயர்களுக்குக் குறைவில்லை. களிறு, பிடி, வேழம், கரி, கைம்மா, உம்பல் என நிகண்டுகள் அடுக்கிச் செல்லும். எனினும் ஆபிரிக்க யானையையும் நம் நாட்டு யானையையும் வேறு பிரித்துக் காட்டும் பெயர் ஒன்றேனும் அவற்றுள் இல்லை. நம் முன்னோர் கண்டு பழகியது ஓர் இனமே. ஆதலின் அதுபற்றிக் குறை கூறுவதற்கில்லை. இன்றோ இரண்டினையும் ஒருங்கு வைத்து ஆராயும் வாய்ப்பு உண்டு. இவை ஒரு மூதாதையின் வழிவந்தவை எனின், பிரிந்த காலம் யாது? எழுத்தும் ஏடும் தோன்றாத அக்காலத்தை எண்ணிட்டுக் கூறுதல் எங்ஙனம் இயலும்? "ஐயா, இலட்சக்கணக்கில் ஆண்டு சொல்லுகிறார்களே, பார்த்தவர் யார்?" என மாணாக்கன் ஒருவன் என்னை வினவினான். அவ்வினாவைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கலாகாது. பார்த்தவர் இல்லாதவிடத்துச் சான்று எவ்வாறு பேசும் என்பதே அதன் உட்கிடை.

யான் தமிழாசிரியன், விலங்கியல் கற்றவன் அல்லேன். ஆயினும் விலங்கியலார் கையாளும் முறையை ஊன்றி நோக்கியபோது, அது நம் பதிப்பாசிரியர் முறைக்கு உடன்பிறப்பாதல் கண்டு வியந்தேன்.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் அதே ஆண்டிற் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தபோது, பல பிரதிகளை ஒப்புநோக்கியே பாடங்களைத் துணிந்தனர். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதுவோன் எங்கேனும் ஓரெழுத்துப் பிழைப்பான். அவன் பிரதியைப் பார்த்து எழுதுவோன் அப்பிழையையும் எழுதித் தன் பிழையையும் சேர்ப்பான். ஆகவே ஒரே பிழை இரண்டு ஏடுகளிற் காணப்படின், அவை ஒரு தாயேட்டின் வழிவந்தவை என்று கொள்ளலாம். இரண்டேடுகள் சரியான பாடத்தில் ஒத்திருத்தல் மாத்திரம் அவற்றின் நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது. மூலத்தை விட்டு விலகியதில் ஒத்திருத்தலே சான்றாகும். இந்நுட்பம் மறவற்க.

உயிர்களின் உடம்பினுள்ளும் ஓர் ஏடு உண்டு. டீ. என். ஏ. என வழங்கும் அவ்வேடு நான்கே எழுத்துக்களால் ஆயது, தலைமுறைதோறும் படியெடுக்கப்படுவது, படியெடுக்கும்போது அரிதாகப் பிழைபடுவது. அதன் ஒரு சிறு பகுதி உயிர்க்கலத்தின் இழைமணிகளில் உள்ளது. முலையூட்டிகளில் அது 16,000க்குச் சற்று மேற்பட்ட எழுத்துக்களைக் கொண்டு, தாய்வழியாகவே இறங்கி வருகின்றது.

ஆபிரிக்க யானை, ஆசிய யானை, பனிநாடுகளில் வாழ்ந்து மறைந்த மம்மத் எனும் சடை யானை ஆகிய மூன்றின் இழைமணி ஏடுகளும் ஆராய்ச்சியாளர்க்குக் கிடைத்தன. ஆனால் எவ்வெழுத்துப் பழையது, எவ்வெழுத்துப் புதியது எனத் துணிதற்கு, இம்மூன்றுக்கும் முன்னரே பிரிந்த வேறோர் ஏடு வேண்டும். யானைக்கு உறவென அறியப்பட்ட உயிர்களுள் ஒன்று மன்னார்க் கடலில் வாழும் கடற்பசுவாகிய ஆவுளியா. அதன் ஏட்டை ஒப்பிட்டுப் பார்த்தனர். அவ்வுறவோ மிகத் தொலைவானது. ஆறு கோடி ஆண்டளவு கடந்தது. அத்துணைக் காலத்தில் மாறிய எழுத்தே மீண்டும் மாறி, முந்திய தடத்தை மறைத்துவிடும்.

2007இல் இக்குறை நீங்கியது. அலாஸ்காவிற் கிடைத்த பல்லொன்று மஸ்டொடன் எனும் மறைந்த விலங்கினுடையது. அதன் வயது 50,000க்கும் 1,30,000க்கும் இடைப்பட்ட ஆண்டுகள். அப்பல்லினின்றும் இழைமணி ஏட்டை முழுமையாக வாசித்தனர். மஸ்டொடன் வழி யானை வழியினின்றும் 2 கோடியே 40 இலட்சம் முதல் 2 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்ததென உயிர்ச்சுவடுகள் காட்டுகின்றன. இதுவே அளவுகோல். பிரிந்த இரண்டு வழிகளும் தனித்தனியே மாறுமாதலின், காணும் வேறுபாட்டை இரண்டுக்கும் பங்கிடல் வேண்டும். அதன்பின், இத்துணை மாற்றத்துக்கு இத்துணைக் காலம் எனின் அத்துணை மாற்றத்துக்கு எத்துணைக் காலம் எனக் காண்பது, நாம் பள்ளியிற் பயின்ற திரைராசிகத்தின் விரிவேயாம்.

கிடைத்த விடை இது: ஆபிரிக்க யானையின் வழி ஏறக்குறைய 76 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது, எஞ்சிய வழியில் ஆசிய யானையும் மம்மத்தும் 67 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒன்றையொன்று பிரிந்தன. எனவே நம் காட்டு யானைக்கு ஆபிரிக்க யானையினும் மம்மத்தே நெருங்கிய உறவு. வெளித்தோற்றத்தை மட்டும் நம்புவோர் இதனை எதிர்பாரார்.

இவ்வெண்களைக் கல்வெட்டெனக் கொள்ளுதல் தவறு. உயிர்ச்சுவடு ஒருவழி இன்ன காலத்தில் இருந்தது என்று காட்டுமேயன்றி, அன்றுதான் தோன்றியது என்று காட்டாது. எல்லா உயிர்களும் ஒரே வேகத்திற் பிழைபடுவதுமில்லை. யானையினத்தின் இழைமணி ஏடு மாறும் வேகம், மனிதனும் குரங்கும் அடங்கிய இனத்தின் வேகத்திற் பாதியளவே என்பதும் அவ்வாய்விலேயே தெரியவந்தது. குரங்கின் அளவுகோலால் யானையை அளந்தால் காலம் பிழைத்துவிடும். அன்றியும் இரண்டேடுகளை முன்வைத்து எழுதுவோன் பாடங்களைக் கலந்துவிடுதல் உண்டன்றோ? பழைய யானையினங்கள் பிரிந்தபின்னும் தம்முட் கலந்தன என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆகவே அறிஞர் ஓரெண்ணைக் கூறுமிடத்து அதன் மேலெல்லையும் கீழெல்லையும் உடன் கூறுவர். ஐயத்தின் அளவையும் கூறுதல் அறிவின் நேர்மை.

மம்மத்துக்களுள் எஞ்சியிருந்தவை வடதுருவக் கடலின் ராங்கல் தீவிலே ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன் மாண்டன. மஸ்டொடனும் மறைந்தது. ஆபிரிக்க வழி பிரிந்தபின் எஞ்சிய கிளையில் இன்று உயிரோடு உலவுவது ஆசிய யானை ஒன்றே. இத்தீவில் 2023ஆம் ஆண்டில் மாத்திரம் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. வெடிக்கும் மின்வேலிக்கும் புகைவண்டிக்கும் இரையானவை அவற்றுட் பல. வயலைக் காக்கும் உழவன் துயரத்தை யான் அறியாதவன் அல்லேன். ஒரே இரவில் ஒருபோக விளைவை இழந்தவனிடம் இலட்சம் ஆண்டுக் கணக்கைச் சொல்லி என் பயன்? அவன் பயிரையும் யானையின் உயிரையும் ஒருங்கு காக்கும் வழியைத் தேடுதல் அவன் ஒருவனது கடனன்று. நம் எல்லோர் கடன். செல்லரித்த ஏட்டுக்கு வேறு பிரதி ஊரில் எங்கேனும் கிடைத்தலும் கூடும். 67 இலட்சம் ஆண்டுகளாகப் படியெடுக்கப்பட்டு வந்த இவ்வேட்டுக்கோ வேறு பிரதி இல்லை.