நரகம் என்னும் சொல்லும் நித்தியம் என்னும் அடையும்

ஆடி அமாவாசையன்று திருவையாற்றுப் புஷ்ய மண்டபப் படித்துறையில் எள்ளும் நீரும் இறைத்து முன்னோர்க்குக் கடனாற்றுவோர் பலர். அப்பரடிகள் கயிலைக் காட்சி பெற்ற விழாவும் அந்நாளிலேயே ஐயாறப்பர் திருக்கோயிலில் நிகழ்கின்றது. இவ்வூர் எல்லையுள் யமவாதனை இல்லை என்பது தலபுராண மரபு. தெற்கு வாயிலில் எழுந்தருளியுள்ள ஆட்கொண்டார் கூற்றுவனை அடக்கியவர் என்பர். இத்தகைய ஊரில் தேம்பாவணி பயிற்றுங்கால் முதுகலை மாணவர் ஒருவர் எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. அவர்தம் தந்தையார் காலத்தில் அக்குடும்பம் கத்தோலிக்க நெறி தழுவியது. பாட்டனாரோ ஞானஸ்நானம் பெறாமலே இறந்தவர். “ஐயா, கடவுள் அன்பே என்கிறது மறை. முடிவில்லாத நரகம் உண்டு என்பதும் அம்மறையே. அவ்வாறாயின் என் பாட்டனார் எங்குளார்?” என்றார் அவர்.

வகுப்பில் யான் விடை கூறவில்லை. இறையியல் என் துறையன்று. எனினும் வினாவின் ஒரு கூறு சொல்லைப் பற்றியது; அதனை ஆராய்தல் தமிழாசிரியன் கடனேயாம்.

திருக்குறளில் நரகத்தைச் சுட்டும் சொற்களுள் ஒன்று அளறு. 255, 835, 919 ஆகிய மூன்று குறள்களிலும் அது வருகின்றது. அளறு என்பதன் முதற்பொருள் சேறு. நடவுக்கு உழுத வயலில் முழங்காலளவு புதைந்து, ஒரு காலை எடுக்க மறுகால் அமிழும் நிலையை அறிந்த காவிரி நாட்டார்க்கு இதன் ஆற்றல் விளக்க வேண்டுவதன்று. அங்கே தீயில்லை, ஒறுப்பவனும் இல்லை. தன் நிறையாலே தான் அழுந்துதலே உளது. புறநானூற்று ஐந்தாம் பாட்டில் நரிவெரூஉத்தலையார் சேர மன்னனுக்கு உரைக்கும் அறிவுரையும் ஈண்டு நினைக்கத்தகும். அருளையும் அன்பையும் துறந்து, நீங்குதற்கரிய நிரயத்தைத் தமதாக்கிக் கொள்வாரோடு சேரற்க என்பது அதன் கருத்து. நிரயம் ஒருவர்மேல் ஏவப்படுவதன்று, அவரே கொள்வது என்னும் நுட்பம் அதன்கண் உளது. தமிழில் நரகம் என்றாலே முடிவுடையது எனப் பொதுப்படக் கூறுவார் கூற்றை இப்பாட்டு ஐயுறச் செய்கின்றது. முடிவுண்டு என்னும் தெளிவு பிற்காலச் சமய நூல்களால் வலுப்பெற்றது எனக் கொள்வதே பொருந்தும்.

சமண நெறியில் நரகம் நாற்கதிகளுள் ஒன்று. ஆண்டுகள் எண்ணிறந்தன ஆயினும் ஆயுள் முடிந்தவுடன் உயிர் வேறு கதிக்குச் செல்லும். அங்கு உலகைப் படைத்த இறைவன் இல்லை. வினையே பயன் தரும். ஆதலின் இறையன்பைப் பற்றிய வழக்கிற்கே இடமில்லை. சைவத்தில் இறைவன் உண்டு, அன்பும் உண்டு, நரகமும் உண்டு; ஆயின் அது முடிவுடையது. 13-ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், பெற்றோர் மகனை வளாரால் அடித்தலும் அன்பே என்று காட்டி, இறைவன் ஒறுத்தலும் அருளே என நிறுவுகின்றார். மறக்கருணை என இதனை வழங்குவர். அடி திருத்துவதற்காக, திருந்தியபின் அடி நின்றுவிடும். அந்நிற்றலே அவ்வாதத்தின் உயிர்நிலை.

கிறித்தவ ஆசிரியர்கள் நரகம் என்னும் இச்சொல்லையே கைக்கொண்டனர். தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தே நோபிலி (1577–1656) புனர் ஜென்ம ஆக்ஷேபம் என்னும் நூலில் மறுபிறப்பை மறுத்தார். மறுபிறப்பு நீங்கவே நரகத்தின் மறுவாயிலும் அடைபட்டது. பழைய சொல் புதிய பொருளைத் தாங்காமையால் நித்தியம் என்னும் அடை வேண்டியதாயிற்று. தமிழ் விவிலியத்தில் மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகார இறுதியில் தண்டனைக்கும் வாழ்வுக்கும் அவ்வொரே அடை வருகின்றது. கிரேக்க மூலத்திலும் அடை ஒன்றே. அது ஆயோன் என்னும் பெயரினின்று பிறந்தது. அப்பெயர்க்கு ஊழி என்னும் பொருளும் உண்டு. ‘ஊழித் தண்டனை’ எனப் பெயர்த்திருப்பின் தமிழர் அதனை வேறாகவே உணர்ந்திருப்பர். மூன்றாம் நூற்றாண்டினராகிய ஒரிசன் எல்லா உயிரும் இறுதியில் இறைவன்பால் மீளும் என நம்பினார். ஆறாம் நூற்றாண்டில் அக்கொள்கை விலக்கப்பட்டது. ஒரே தொடரில் வரும் ஒரே சொல்லை வாழ்வுக்கு முடிவின்மை என்றும் தண்டனைக்கு முடிவுண்மை என்றும் கொள்ளல் தகாது என்பது அகுஸ்தீனார் வாதம். சொல்லாராய்ச்சி அளவில் இவ்வாதம் வலிதே. ஆனால் அதனை ஏற்பின் மறக்கருணை விளக்கம் கிறித்தவர்க்குப் பயன்படாது. முடிவில்லாத அடி எவரைத் திருத்தும்?

மாணவர் வினா புதியதும் அன்று. முத்துக்குளித்துறையில் பணியாற்றியபின் சப்பான் சென்று மீண்ட சவேரியார், 1552-இல் கொச்சியிலிருந்து எழுதிய மடலில், அந்நாட்டுப் புதுக்கிறித்தவர் தம் முன்னோரை நரகினின்று மீட்க வழியில்லையோ எனக் கேட்டு அழுததைக் குறிக்கின்றார். வழியில்லை என்றே அவர் விடையிறுத்தார். அவர்தம் துயர் தம்மையும் வருத்தியதையும் மறைத்தாரல்லர்.

வீரமாமுனிவரும் அவர் சார்ந்த இயேசு சபையினரே. அச்சபையார் பயிலும் இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகளில் ஐம்புலனாலும் நரகை உணரும் தியானம் ஒன்றுண்டு. இறைவன் அன்பை மறப்பேனாயினும் இவ்வச்சமேனும் என்னைக் காக்க என்பது அதன் வேண்டுதல். அதாவது, அன்பே முதல். அச்சம் அதற்கு ஊன்றுகோல். அப்பயிற்சி பெற்ற முனிவர், நம்மூர்க்கு வடக்கே கொள்ளிடத்திற்கு அப்பாலுள்ள ஏலாக்குறிச்சியில் அமைத்த திருக்கோயில் அடைக்கல அன்னைக்குரியது; ஊர்க்கு அவர் இட்ட பெயர் திருக்காவலூர். அடைக்கலம், காவல் என்னும் இவற்றையே அவர் பெயராகத் தேர்ந்தமை கருதற்பாலது.

பிற்காலத் திருச்சபை இவ்வினாவை இருவகையாக அணுகியது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதார், மனச்சான்றின்படி ஒழுகி இறைவனை உண்மையாய்த் தேடின் மீட்படைதல் கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் உரைத்தது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலோ நரகத்தை, மனிதன் தன்னைத்தானே இறைவனிடமிருந்து முடிவாக விலக்கிக்கொண்ட நிலை என வரையறுக்கின்றது. இது நரிவெரூஉத்தலையார் கூற்றுக்கு வியப்புறும் அளவு அணித்தாக உளது. எனினும் இடர் முற்றும் தீர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. உள்ளிருந்து தாழிட்டவனுக்காகப் புறத்தே நிற்கும் அன்பு ஏன் ஓர் எல்லையோடு நிற்றல் வேண்டும் என்று சைவர் வினவுவர்; அவ்வினாவுக்குத் தக்க விடையை யான் கண்டிலேன்.

இவற்றையெல்லாம் மாணவர்க்குப் பின்னர் எடுத்துரைத்தேன். சங்கத்தின் உரையைத் தம் ஏட்டில் எழுதிக்கொண்டார்; புறப்பாட்டை இருமுறை படித்தார். அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளில் பாட்டனார்க்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றியதாகக் கூறினார். பாட்டனார் எரியூட்டப்பட்டவர், சாம்பல் காவிரியில் கரைந்தது. ஆதலின் பின்னாளில் ஞானஸ்நானம் பெற்று இறந்த பாட்டியாரின் கல்லறைமேலேயே இரண்டையும் அருகருகே வைத்தாராம்.