வாலண்டியர் ஹாலிடே: கிளம்புறதுக்கு முன்னாடி சில கேள்விகள்

லீவு போட்டு, கைக்காசு செலவழிச்சு, வேற ஊருக்குப் போய் உதவி செஞ்சுட்டு வர்றதைத்தான் வாலண்டியர் ஹாலிடேன்னு சொல்றாங்க. நேயர் ஒருத்தங்க, "நேபாளத்துல குழந்தைகள் இல்லத்துல ரெண்டு வாரம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போறேன், என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?"னு கேட்டிருந்தாங்க. நானும் அப்படிப் போனவன்தான். அதனால முதல்ல என் கதையைச் சொல்லிடறேன்.

காத்மாண்டு பக்கம் ஒரு இல்லம். பத்து நாள். முதல் நாளே ஏழெட்டு வயசுப் பையன் ஒருத்தன் கையைப் பிடிச்சுக்கிட்டு அரைகுறை இந்தியில கேட்டான்: "எத்தனை நாள் இருப்பீங்க?" என் பேரைக்கூட கேட்கலை. எனக்கு முன்னாடி எத்தனையோ பேர் வந்து, பழகி, போயிருந்தாங்க. ஆறாவது நாள் அவனே சொன்னான், ஹும்லாவுல அம்மா இருக்காங்கன்னு.

திரும்பி வந்து படிச்சப்பதான் விஷயம் புரிஞ்சது. 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போர்க் காலத்துல, ஹும்லா மாதிரி தொலைதூர மலை மாவட்டங்கள்ல தரகர்கள் "நல்ல படிப்பு கிடைக்கும்"னு சொல்லி, பெற்றோர்கிட்ட பணம் வாங்கிக்கிட்டு, பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. நேபாளத்துல இல்லங்கள்ல இருக்கிற பெரும்பாலான குழந்தைகளுக்குப் பெற்றோர்ல ஒருத்தராவது உயிரோடதான் இருக்காங்க. இல்லங்களும் பெரும்பாலும் காத்மாண்டு, பொக்காரா, சித்வன்னு சுற்றுலாப் பயணிகள் போற பக்கமாவே இருக்கு. ஏன்னா, பார்க்க ஆள் வந்தா நன்கொடை வரும். நன்கொடை வரணும்னா குழந்தைகள் இருக்கணும். எல்லா இல்லமும் அப்படின்னு சொல்லலை. ஆனா பத்து நாள்ல நம்மால பிரிச்சுப் பார்க்க முடியாது.

அதனால கிளம்புறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. இந்த வேலையை உங்க ஊர்ல செய்ய உங்களுக்குத் தகுதி இருக்கா? உள்ளூர்க்காரர் சம்பளத்துக்குச் செய்யற வேலையை நீங்க இலவசமா செய்யப் போறீங்களா? கட்டற பணம் எங்கே போகுது? நீங்க போனதுக்கப்புறம் அந்த வேலையைத் தொடர ஆள் இருக்கா?

இதுக்கெல்லாம் நல்ல பதில் சொல்ற வேலைகளும் இருக்கு. சென்னையிலயே ஒண்ணு: ஆமை நடை. 1988ல மாணவர்கள் தொடங்கின கடலாமைப் பாதுகாப்புக் குழு இன்னைக்கும் நடத்துது. ஜனவரியில இருந்து பங்குனி ஆமைகள் முட்டையிட கரைக்கு வரும். நீலாங்கரையில இருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி மணல்ல நடந்து, தடம் பார்த்து, குழியில இருக்கிற நூறு சொச்சம் முட்டையைப் பொரிப்பகத்துக்கு மாத்துவாங்க. இல்லன்னா நாயும் மனுஷங்களும் எடுத்துடலாம். பொரிஞ்சு வர்ற குஞ்சும் கடலை விட்டுட்டு, தெருவிளக்கு வெளிச்சத்தைப் பார்த்து ரோட்டுப் பக்கம் போயிடும்.

இங்கே முட்டையை எடுக்கிறது அனுபவம் உள்ளவங்க. புதுசா வர்ற நாம கூட நடக்கணும், டார்ச் அடிக்கக் கூடாது, சொல்றதைக் கேட்கணும். அவ்வளவுதான். நாம ஒரே ஒரு ராத்திரி போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்த நாள் போகலைன்னா ஆமை வருத்தப்படாது.

அந்த நேயருக்கு என் பதில்: நேபாளம் போங்க. மலையைப் பாருங்க, உள்ளூர்க்காரங்க நடத்துற விடுதியில தங்குங்க, உள்ளூர் கைடுக்கு நியாயமான கூலி கொடுங்க. குழந்தைகள் இல்லத்துக்கு மட்டும் போக வேண்டாம். அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு என்கிட்ட நல்ல பதில் இல்லை. உங்ககிட்டயும் இருக்காது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.