குளத்துக் காற்றுக்கு ஏற்ற பலகை

மாத்தளை மாவட்டத்தின் நீர்வளம் அம்பன் கங்கையைச் சார்ந்தது. அதன் குறுக்கே போவத்தென்ன அணையும், 2018ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பெற்ற மொரகஹகந்த அணையும் எழுந்துள்ளன. தம்புள்ளைக்கு அண்மையிலே கண்டலமைக் குளம் பரந்து கிடக்கின்றது. வைகாசி முதலாகச் சில மாதங்கள் சோளகக் காற்று மலைகளைக் கடந்து, ஈரம் இழந்து, இந்நீர்ப்பரப்புகளின்மேல் வீசும். காற்றும் நீரும் ஒருங்கே அமைந்தவிடத்துப் பாய் விரிக்கும் ஆசை மனிதனுக்குப் பிறப்பது இயல்பே.

அண்மை ஆண்டுகளிற் பரவிய 'விங் ஃபொயில்' என்னும் விளையாட்டு அவ்வாசையின் புதியதொரு வடிவம். காற்றடைத்த சிறகொன்றைக் கைகளிற் பிடித்துக்கொண்டு பலகையின்மேல் நிற்பவரை அச்சிறகு இழுத்துச் செல்லும். பலகையின் அடியிலே நீண்ட தண்டும், அதன் முனையிலே விமானத்தின் இறக்கை போன்ற நீரடிச் சிறகும் பொருத்தப்பட்டிருக்கும். போதிய வேகம் கிடைத்ததும் பலகை நீரை விட்டு மேலெழும். இலங்கையில் இதனைப் பயில்வோர் பெரும்பாலும் கற்பிட்டிக் களப்பையே நாடுவர். அங்கே பயின்ற ஒருவர் மாத்தளைக் குளமொன்றிற் பலகையை இறக்க எண்ணுவாராயின், எத்தகைய பலகையைத் தேர்ந்தெடுத்தல் தகும்?

இங்கே முதலிற் கருதவேண்டியது நீரை விட்டு எழும் அந்தத் தருணத்தையே. எழுந்தபின் பலகைக்கு வேலை குறைவு. நீரடிச் சிறகே சுமையைத் தாங்கும். எழுவதற்கு முன்னரோ பலகை ஒரு சிறு தோணியே. தோணி தானே எழுப்பும் அலையால் தடைப்படும் என்பதையும், அத்தடை நீளத்தைப் பொறுத்தது என்பதையும் வில்லியம் ஃபுரூட் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் 1870களிலே மாதிரிக் கப்பல்களை நீர்த்தொட்டியில் இழுத்து ஆராய்ந்தார். அக்கணக்கின்படி ஐந்தடிப் பலகை மணிக்கு ஐந்தரைக் கிலோமீற்றர் வேகத்தை அண்மியதும் தன் அலையிற் சிக்கித் திணறத் தொடங்கும். எட்டடிப் பலகை ஏழு கிலோமீற்றர் வரை இலகுவாய்ச் செல்லும். ஒடுங்கிய பலகை எழுப்பும் அலை சிறிதாகையால் அதற்கு அப்பாலும் அது அதிகம் திணறாது. மேலெழுதற்குப் பன்னிரண்டு கிலோமீற்றரளவு வேகம் வேண்டியிருக்க, நீண்டு ஒடுங்கியது மெல்லிய காற்றிலும் எழுவதன் காரணம் இதுவே.

இவ்வகைப் பலகைக்கு 'டவுன்விண்ட் பலகை' என்று பெயர். கைச்சிறகின்றித் துடுப்பினாலேயே வேகமெடுத்து, காற்றின் திசையிற் செல்லும் கடலலைகளின்மேல் நெடுந்தூரம் போவோருக்காக உருவானது அது. குளத்திலே அத்தகைய அலை ஏது? காற்றின் வழியே மறுகரை சேர்ந்தவர் அதை எதிர்த்தன்றோ மீளவேண்டும்! ஆகவே பெயரை நம்பி வாங்குதல் தவறு; எளிதில் எழும் குணத்தை நாடி வாங்குதல் சரி.

ஒடுக்கத்துக்கு ஒரு விலை உண்டு. ஒடுங்கியது உருளும். நம் நாட்டுக் குளத்து மீனவர் இதற்கு விடை கண்டவர்கள். ஒடுங்கிய தோணியின் ஒரு பக்கத்தே மிதவைக் கட்டையைப் பிணைத்து, வேகத்தையும் உறுதியையும் ஒருங்கே பெற்றனர். பலகைக்கோ அவ்வசதி இல்லை. நிற்பவரின் கால்களே மிதவைக் கட்டை. ஆதலின் பதினெட்டு அங்குல அகலமுள்ள எட்டடிப் பலகை தேர்ந்தவர்க்கே பொருந்தும். ஓரளவு பயின்றவர்க்கு ஆறு முதல் ஆறரை அடி நீளமும் இருபத்திரண்டு அங்குல அகலமும் உள்ள இடைத்தரப் பலகையே உகந்தது. எட்டடிப் பலகையை முச்சக்கர வண்டியின் கூரையில் ஏற்றித் தம்புள்ளை வீதியிற் செல்வதும் எளிதன்று.

மிதக்கும் கொள்ளளவிற் கஞ்சத்தனம் கூடாது. மலைகளிடையே வரும் காற்று திடீரென வீசும்; திடீரென ஓயும். நடுக்குளத்திற் காற்று ஓய்ந்தால், தன்னைத் தாங்காத பலகையோடு ஒருவர் நீந்தியே கரை சேரவேண்டும். எழுபது கிலோ எடையுள்ளவர்க்கு, கருவிகளின் எடை ஏறக்குறைய பதினைந்து கிலோவையும் கூட்டினால், நூறு லீற்றர்ப் பலகை அளவானது. அதன்மேல் மண்டியிட்டுக் கையால் வலித்தேனும் மீளலாம். கடலிற் போதிய பலகை குளத்திற் சற்றே தாழும் என்பதும் நினைவிருக்கட்டும். நன்னீர் அடர்த்தி குறைந்தது. நூறு கிலோ சுமைக்கு இரண்டரை லீற்றர் கூடுதலாய் வேண்டும்.

இன்னொரு சங்கடம் பருவத்தைச் சார்ந்தது. சோளகம் வலுத்து வீசும் ஆடி, ஆவணி மாதங்களிலேதான் வயலுக்குப் பாய்ந்து குளத்து நீர் வற்றும். நீருள் மறைந்திருந்த பட்டமரக் கட்டைகள் அப்போது மேற்பரப்பை அண்மும். தண்டும் சிறகும் ஏறக்குறைய ஒரு மீற்றர் ஆழம் கீழிறங்குவன. அவை கட்டையில் மோதினால் நிற்பவர் முன்னே தூக்கியெறியப்படுவார். தலைக்கவசமும் மிதவை அங்கியும் அணிதல் இன்றியமையாதது. குட்டையான தண்டைப் பொருத்துதல் நன்று. அணைக்கட்டின் மதகையும் வான்கதவையும் அணுகலாகாது; பொறுப்பான அதிகாரிகளின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும்.

மீனவர் மாலையில் விரித்து விடியலில் எடுக்கும் வலைகளும் அங்கே உள்ளன. நீரடிச் சிறகு வலையிற் புகுந்தால் அறுபடுவது ஒரு குடும்பத்தின் அன்றாட வருவாய். எந்தப் பக்கத்தே வலை கிடக்கின்றது, எங்கே மரக்கட்டை நிற்கின்றது என்பதைப் பலகையை இறக்குமுன் கரையிலுள்ள தோணிக்காரரிடமே கேட்டறிதல் வேண்டும்.