லோடு வண்டியின் செல்ப் மோட்டார்: கழற்றும் முன்பும் மாட்டும் போதும்

சரக்கு ஏற்றி இறக்கும் சிறு வண்டி இன்று பலசரக்குக் கடைக்காரருக்கும் ஏஜென்சி எடுத்திருப்பவருக்கும் தராசைப் போல, கல்லாவைப் போல ஒரு தொழில் சாமான். 2005-இல் டாட்டா ஏஸ் வந்து, நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயரும் வைத்த பிறகு, வாடகை வண்டியையும் ட்ரை சைக்கிளையும் நம்பியிருந்த பலர் சொந்த வண்டிக்கு மாறினோம். பின்னர் தோஸ்த்தும் பொலேரோ பிக்கப்பும் சேர்ந்துகொண்டன. வண்டி ஓடுகிற வரை அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. விடிகாலையில் மார்க்கெட்டுக்குப் புறப்படச் சாவியைத் திருப்பும்போது 'டக்' என்ற ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டால்தான் நினைப்பு வருகிறது. அன்றைய காய்கறி, அன்றைய லைன், அன்றைய வசூல் எல்லாம் அந்த ஒரு சத்தத்தில் மாட்டிக்கொள்ளும்.

உடனே 'செல்ப் மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான்' என்ற பேச்சு கிளம்பும். மோட்டாரை வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ள முடியும். ஓரளவு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு அது இரண்டு மணி நேர வேலை. ஆனால் நம் கடற்கரைப் பகுதியில், கெட்டுவிட்டது என்று கழற்றப்படும் மோட்டார்களில் பல நல்ல மோட்டார்களே. கெட்டிருப்பது அதற்குக் கரண்ட் போகும் வழி. இதைத் தெரிந்துகொள்ளாமல் புது மோட்டார் வாங்கி மாட்டினால், சில ஆயிரம் ரூபாய் செலவழித்த மறு மாதமே வண்டி மறுபடி அதே 'டக்' சத்தத்தைக் கொடுக்கும்.

செல்ப் மோட்டார் செய்யும் வேலை சிறியதுதான், ஆனால் கடினமானது. சாவியைத் திருப்பியதும் மோட்டார் மேல் உட்கார்ந்திருக்கும் சொலினாய்டு இரண்டு வேலை செய்கிறது. பெண்டிக்ஸ் என்று மெக்கானிக்குகள் சொல்லும் சிறிய பல்சக்கரத்தை முன்னே தள்ளி இன்ஜினின் பிளைவீல் பல்லோடு கோக்கிறது. அதே நேரம் பேட்டரியின் முழுக் கரண்டையும் மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. டீசல் இன்ஜினில் காற்றை அழுத்தும் அளவு பெட்ரோலைவிட மிக அதிகம். ஆகையால் அதைச் சுற்றிவிட 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 150, 200 ஆம்பியர் என்று கரண்ட் பாயும். வீட்டில் கிரைண்டருக்கு இரண்டு, மூன்று ஆம்பியர் போதும் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பசி புரியும்.

வியாபாரிகளுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு செய்தியை இங்கே சொல்லலாம். முற்காலத்துக் கார்களில் முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். இன்ஜின் எதிர்த்து உதைத்தால் கை முறியும். மின்சார செல்ப் மோட்டாரை 1911-இல் செய்து காட்டியவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர். 1912-ஆம் வருட மாடல் கேடிலாக் காரில் அது வந்தது. அதற்கு முன் அவர் வேலை பார்த்தது நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில். கடைக் கல்லா மெஷினைக் கையால் சுற்றாமல் மின்சாரத்தில் இயக்க அங்கே ஒரு சிறு மோட்டாரை அமைத்திருந்தார். கல்லா திறக்க ஒரு நொடி பலம் போதும், நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. ஒரு நொடிதான் என்றால் சிறிய மோட்டாரிடமும் பெரிய வேலை வாங்கலாம் என்ற அந்தக் கணக்கே கார் வரை வந்தது. வண்டி எடுக்கவில்லை என்று சாவியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஏன் தவறு என்பதும் இதிலேயே இருக்கிறது. பத்து விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது. அரை நிமிடமாவது ஆறவிட்டுத்தான் மறுபடி முயல வேண்டும்.

இனி நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம். வேம்பாரிலிருந்து தூத்துக்குடி வழியாக ஆறுமுகநேரி வரை கடலோரம் உப்பளங்கள். துறைமுகத்துக்கும் மீன் இறங்கும் கரைகளுக்கும் தினமும் போய்வரும் வண்டிகள் வேறு. உப்புக்குக் காற்றின் ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு என்பதை மூடாத உப்பு மூட்டை வைத்திருக்கும் எந்தக் கடைக்காரருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டிக்கு அடியிலும் அதுவே நடக்கிறது. காற்றில் வந்து படியும் உப்பு இரவுப் பனியில் நனைந்து, செம்பு வயரும் இரும்புப் போல்ட்டும் ஈய டெர்மினலும் சேரும் இடங்களைத் தின்னத் தொடங்குகிறது. செம்பில் பச்சைக் களிம்பு, டெர்மினலில் வெள்ளைப் பூப்பு, பாடியோடு எர்த் வயர் சேரும் போல்ட்டில் துரு. வெளியே பார்த்தால் வயர் பிடிப்பாகத்தான் இருக்கும். உள்ளே ஓர் ஓம்மில் நூற்றில் ஒரு பங்கு தடை வந்துவிட்டால் போதும், 200 ஆம்பியர் பாயும்போது 2 வோல்ட் அந்த இடத்திலேயே சூடாகத் தொலைந்துவிடும். மோட்டாருக்குப் போய்ச் சேருவது எட்டோ எட்டரையோதான். பாதிக் கூலிக்கு முழு மூட்டை தூக்கச் சொன்ன கதை.

ஆகவே ஸ்பேனரை எடுக்கும் முன் காதையும் கண்ணையும் பயன்படுத்த வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். 'டக டக டக' என்று விடாமல் அடித்து வெளிச்சமும் மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் பூத்திருக்கிறது. ஒரே ஒரு 'டக்' கேட்டு, வெளிச்சம் கொஞ்சமும் குறையாமல் நின்றால், கரண்ட் மோட்டாருக்குள் போகவே இல்லை. சொலினாய்டின் உள் காண்டாக்ட்டோ கார்பன் பிரஷோ தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மோட்டார் மட்டும் 'விர்' என்று சுற்றி இன்ஜின் சுற்றாவிட்டால் பெண்டிக்ஸ். சத்தமே இல்லையென்றால் சாவி சுவிட்ச், ரிலே, பியூஸ், சொலினாய்டுக்குப் போகும் மெல்லிய வயர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று வண்டி வைத்திருப்பவரிடம் இருப்பது நல்லது. நிறுத்திவைத்த வண்டியில் நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்கு வந்துவிட்டால் கிட்டத்தட்டக் காலி. பிறகு கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் முனையிலும், மறு முனையைச் சொலினாய்டில் தடித்த வயர் சேரும் போல்ட்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வயர் நல்லது. ஒன்றரை, இரண்டு என்று காட்டினால் கோளாறு வயரில். அதே போல மைனஸ் முனைக்கும் மோட்டாரின் இரும்பு உடலுக்கும் இடையே பார்த்தால் எர்த்தின் யோக்கியதை தெரிந்துவிடும். போல்ட்டில் 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும், எர்த் சரியாக இருந்தும், மோட்டார் அசையவில்லை என்றால் மட்டுமே மோட்டாரைக் குறை சொல்லலாம்.

டெர்மினல் பூத்திருப்பதற்கு நம் கடையில் விற்கும் ஆப்பச் சோடாவே மருந்து. வயரைக் கழற்றி, சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றித் தேய்த்து, துடைத்து உலரவிட்டு, உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி, இறுக்கிய பின் மேலே வாசலைன் பூச வேண்டும். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் இறங்கிவிடக் கூடாது. எர்த் போல்ட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதையும் கழற்றித் தேய்த்தே ஆக வேண்டும்.

ஸ்பேனரால் மோட்டாரைத் தட்டினால் வண்டி எடுத்துக்கொள்கிறதே என்று டிரைவர்கள் சொல்வது உண்மைதான். தேய்ந்த பிரஷ் அந்த அதிர்வில் சற்று நகர்ந்து தொட்டுக்கொள்கிறது. அது இன்னும் சில நாள் தவணை, அவ்வளவே. ஒரு நாளில் முப்பது, நாற்பது கடை ஏறி இறங்கும் லைன் வண்டிகளில் பிரஷ் சீக்கிரம் தேய்வது இயல்பு. பிரஷ், புஷ், சொலினாய்டு இவற்றைத் தனியாக மாற்றித் தரும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கிடைத்தால் முழு மோட்டார் வாங்க வேண்டியதில்லை. ஆர்மேச்சர் கருகியிருந்தால் மட்டும் யோசிக்காமல் மாற்றிவிடலாம்.

மாற்றுவதென்று முடிவானால், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டயருக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, இன்ஜின் ஆறும் வரை பொறுத்திருக்க வேண்டும். முதல் வேலை, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுவது. இதை மட்டும் ஒருவரும் விட்டுவிடக் கூடாது. மோட்டாருக்கு வரும் தடித்த வயரில் சாவி இல்லாவிட்டாலும் எந்நேரமும் கரண்ட் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அதற்குப் பியூஸும் கிடையாது. அந்தப் போல்ட்டில் மாட்டிய ஸ்பேனரின் மறு முனை பாடியில் தொட்டால் வெல்டிங் அடித்தது போல் பொறி பறக்கும். கையில் மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் செயின் இருந்தால் கழற்றி வையுங்கள். பேட்டரிப் பக்கம் பொறி விழுந்தால் பேட்டரி வெடிக்கவும் கூடும்.

ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில், ஸ்டாண்டு கொடுக்காமல் நுழையவே கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகா.

இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் மோட்டார் இருக்கும். ஏஸ் போன்ற வண்டியில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் என்பதால் இடம் நெருக்கம். வயர்கள் இருக்கும் நிலையைக் கைபேசியில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது குழப்பமில்லை. வயர்களை எடுத்த பின், இரண்டோ மூன்றோ போல்ட்டில்தான் மோட்டார் நிற்கிறது. கடைசிப் போல்ட்டை எடுக்கும் முன் ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். நாலைந்து கிலோ இரும்பு முகத்துக்கு நேரே இருக்கிறது. வெளியே எடுத்ததும் அந்தத் துளை வழியாக டார்ச் அடித்து பிளைவீல் பற்களைப் பாருங்கள். பல் உடைந்திருந்தால் எந்தப் புது மோட்டாரும் நிலைக்காது. அது கியர் பாக்ஸைக் கழற்றும் வேலை, ஒர்க்ஷாப்புக்கே விட்டுவிட வேண்டும்.

புது மோட்டாரைப் பழையதோடு பக்கத்தில் வைத்து பல் எண்ணிக்கை, போல்ட் துளை, பெண்டிக்ஸ் நீளம் மூன்றையும் ஒப்பிட வேண்டும். 1961-இல் தொடங்கி சென்னை பாடியில் இயங்கும் லூகாஸ் டி.வி.எஸ். போன்ற பெயருள்ள சரக்குக்கு டூப்ளிகேட்டும் உலவும் என்பதை வியாபாரியான நமக்கு எச்சரிக்க வேண்டியதில்லை. பெட்டியையும் பார்ட் நம்பரையும் பாருங்கள், மோட்டாரைப் பிடியில் கட்டி ஒரு முறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பல வண்டிகளில் மோட்டாரின் எர்த் அதன் உடல் வழியாகத்தான் போகிறது. ஆகையால் அது உட்காரும் இரும்பு முகத்தில் துருவும் பெயிண்டும் இல்லாமல் உப்புத்தாளால் தேய்த்த பிறகே மாட்ட வேண்டும். தடித்த வயரின் நட்டை அளவோடு இறுக்க வேண்டும். பலம் காட்டினால் உள்ளே உள்ள போல்ட் சுழன்று சொலினாய்டே உடையும். பேட்டரி மைனஸ் கடைசியில்.

தண்ணீரில் நின்ற வண்டிக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதையும், தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதையும் மறந்திருக்க மாட்டோம். அப்படி மூழ்கிய வண்டியில் முதலில் சாவியைத் திருப்பக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அழுத்த முடியாது. செல்ப் அடித்த வேகத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஷூரன்ஸ்காரர்களும் இதைப் பின்னால் நாமே உண்டாக்கிய சேதம் என்று சொல்லி, தனிக் கவர் இல்லாதவருக்கு மறுப்பதுண்டு. மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு, கம்பெனிக்குத் தகவல் சொல்லி, சர்வேயர் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். மோட்டாரைத் திறந்து சேறு எடுத்து உலர்த்தினால் பெரும்பாலும் பிழைக்கும். அப்படியே விட்டால் சில வாரத்தில் புஷ் துருப்பிடித்து இறுகிவிடும்.

வாரண்டியில் உள்ள வண்டிகளிலும், சிக்னலில் தானே நின்று தானே கிளம்பும் வசதியுள்ள வண்டிகளிலும் வீட்டில் கழற்றாமல் இருப்பதே உத்தமம்.

பில் வாங்க மறக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியிருக்கிறது. சரக்கு வண்டி என்பதால், ரெகுலர் முறையில் வரி கட்டுபவர் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டுப் பில் வாங்கினால் இந்த வரியை இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம்; காம்போசிஷனில் இருப்பவருக்கு அது கிடையாது. பழைய மோட்டாரைப் பேசாமல் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். உள்ளே செம்பு இருக்கிறது; அதற்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேட்டு, அதையும் பில்லில் காட்டச் சொல்லுங்கள்.