பிஞ்சு வெம்புதா? பூவைப் பாருங்க

சுரை, பூசணி போட்டவர்கள் பலரும் கேட்பது இதுதான்: "பூ நிறைய வருது, பிஞ்சும் தெரியுது, விரல் பருமன் ஆனதும் மஞ்சளாகி விழுந்துடுது. என்ன ஊத்தலாம்?" பிஞ்சைத் திருப்பிப் பாருங்க. பழ ஈ குத்திய துளை இல்லையென்றால், பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்றுதான் அர்த்தம். அதற்கு எதை ஊற்றியும் பயனில்லை.

இந்தக் குடும்பத்தில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாக வரும். ஆண் பூ முந்திக்கும். அது உதிர்ந்தால் பதற வேண்டாம். பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் முதலிலேயே இருக்கும். குழப்பமே அதனால்தான். உள்ளே நிறைய சூல்கள். ஒவ்வொன்றும் விதையாக ஒரு மகரந்தத் தூள் வேண்டும். குறைவாகச் சேர்ந்தால் காய் ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சூம்பும்.

காலடிப்பேட்டையில் என் மாடித் தோட்டத்துக்குக் கிழக்கே லாரிகள் ஓடும் ரோடு, அதைத் தாண்டினால் கடல். சுவர்ப் பொந்தில் இருக்கும் கொசுத்தேனீக்கள் பாகலைப் பார்த்துக்கொள்ளும். சுரைப்பூ விரிவது சாயங்காலம். அதற்கு அந்துப்பூச்சி வரணும். வராத நாளில் நானே ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவுவேன். பூசணிக்கு விடியற்காலை, வெயில் ஏறினால் பூ சுருங்கிடும். பென்ஷன்காரனுக்கு இது சரிப்படும். ஏக்கர் கணக்கில் போட்டவர் பூச்சிகளைத்தான் நம்பணும்.

கையால் சேர்ப்பது புதுசும் இல்லை. மெக்சிகோ வனிலாவை ரீயூனியன் தீவுக்குக் கொண்டுபோனார்கள். கொடி வளர்ந்தது, காய் பிடிக்கவில்லை. 1841-ல் எட்மண்ட் ஆல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் ஒரு குச்சியையும் கட்டைவிரலையும் வைத்தே வழி கண்டான். கேரளத்து வனிலாவுக்கும் அதே முறைதான்.

கத்தரி வேறு கதை. மகரந்தப்பையின் நுனியில் சின்னத் துளை. குலுக்கினால்தான் தூள் கொட்டும். கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு 'ர்ர்ர்' என்று அதிரவைக்கும். தேன் கூட்டில் இருக்கும் தேனீக்கு அந்த வித்தை வராது. பந்தல் மூங்கிலைத் துளைக்குதே என்று கருவண்டை விரட்டாதீங்க.

இன்னொன்று. வேப்பெண்ணெயோ இஞ்சி-பூண்டு கரைசலோ, பூ விரிந்திருக்கும் நேரத்தில் தெளிக்கக் கூடாது. "இயற்கை மருந்துதானே" என்கிறார்கள். தேனீக்கு நம்ம சான்றிதழ் படிக்கத் தெரியாது. பூசணி, கத்தரிக்கு வெயில் சாய்ந்த பிறகு அடிங்க. சுரைப் பந்தலுக்கு, முந்தின நாள் பூ வாடிய பிறகு, காலையில்.