பதினாலு வயதுக் கேள்விகள்

“அம்மா, ஜெபம் பண்ணினால் கணக்கில் மார்க்கு வருமா?”

“கடவுள் இருக்கிறார் என்று எனக்குச் சில சமயம் தோன்றவே இல்லையே, அது பாவமா?”

பதினாலு வயதுப் பிள்ளை உள்ள கிறிஸ்தவ வீட்டில் இப்படி ஒரு கேள்வி என்றைக்காவது புறப்பட்டே தீரும். அதுவும் எப்பொழுது? அடுப்பில் பால் பொங்கி வரும் சமயத்தில்தான்! “பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள். அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே” என்று அம்மா ஓர் அதட்டல் போடுகிறாள். பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. கேள்வி மட்டும் உள்ளேயே கிடக்கிறது.

லுத்தரன் சபைத் தாய்மார்கள் இப்படி அதட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் ஞானோபதேசப் புத்தகமே கேள்விகளால் ஆனதுதானே!

அந்தப் புத்தகம் பிறந்த கதை சுவையானது. 1528-ஆம் ஆண்டில் மார்ட்டின் லுத்தர் ஜெர்மனியில் சாக்ஸனி நாட்டுச் சபைகளைப் பார்வையிடப் போனார். கிராமங்களில் கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியாத ஜனங்கள் இருந்தார்கள். போதிக்கவேண்டிய குருமார் சிலரே ஒன்றும் தெரியாதவர்களாக இருந்தார்கள். மனம் நொந்து திரும்பியவர், மறு வருஷமே, அதாவது 1529-ல், குருமார்களுக்கு ஒரு பெரிய ஞானோபதேசமும் வீடுகளுக்கு ஒரு சிறிய ஞானோபதேசமும் எழுதி வெளியிட்டார். பத்துக் கற்பனைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், நற்கருணை எல்லாம் சிறிய புத்தகத்துக்குள் அடக்கம். ஒரு கற்பனையைச் சொல்வது, உடனே ‘இதற்கு என்ன பொருள்?’ என்று கேட்பது, அதற்குச் சுருக்கமாகப் பதில் தருவது. இதுதான் அதன் முறை. குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு இவற்றைச் சொல்லித் தரவேண்டும் என்று எழுதினார் லுத்தர். நம் வீடுகளில் அந்த வேலை யார் தலையில் விழுகிறது என்பதை வாசகிகளுக்குச் சொல்லவேண்டியதில்லை!

இந்தச் சிறிய புத்தகம் நம் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது. 1706-ல் டேனிஷ்காரர்களின் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியில் கப்பலை விட்டு இறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்றுக்கொண்டு இதைத் தமிழில் பெயர்த்தார். 1718-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் இன்றும் அவ்வூரில் இருக்கிறது. 1919-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அமைந்தது. அதன் பேராயருக்கு இன்றைக்கும் ‘தரங்கம்பாடிப் பேராயர்’ என்றுதான் பெயர்.

திடப்படுத்தல் என்றால் என்ன?

குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை, விவரம் தெரிந்த வயதில் ஞானோபதேசம் படித்து, சபையாருக்கு முன் நின்று, “இந்த விசுவாசம் என்னுடையது” என்று தன் வாயால் சொல்வதே திடப்படுத்தல். டென்மார்க்கில் 1736-ஆம் வருஷம் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். பிள்ளைகள் ஞானோபதேசம் படித்தாக வேண்டுமே, அதற்கு எழுத்து தெரியவேண்டுமே என்று பள்ளிக்கூடங்களும் பெருகின.

ஆனால் சட்டத்தாலும் மனப்பாடத்தாலும் ‘என்னுடையது’ என்ற சொல் வந்துவிடாது. அது கேள்வி கேட்டுத்தான் வரவேண்டும். பிள்ளைகள் கேட்கும் சில கேள்விகளைப் பார்ப்போமா?

*பரீட்சைக்கு ஜெபம் பண்ணலாமா?* தாராளமாகப் பண்ணலாம். அன்றாட ஆகாரத்துக்காக ஜெபிப்பதை விளக்கும்போது, சோறு துணியோடு வீடு, நல்ல சிநேகிதர்கள், நல்ல சீதோஷ்ணம் வரைக்கும் லுத்தர் அதில் சேர்த்துவிடுகிறார். கணக்குப் பரீட்சைக்கு இடம் இல்லாமலா போகும்? ஆனால் மார்க்கைப் பார்த்துக் கடவுள் அன்பை அளந்து போடுவதில்லை. நம் செய்கையால் சம்பாதிப்பது அல்ல, கிருபையாகக் கிடைப்பது என்பதுதானே லுத்தரன் போதனையின் உயிர்நாடி! தொண்ணூற்றெட்டு வாங்கிய பிள்ளைக்கும் நாற்பது வாங்கிய பிள்ளைக்கும் பலிபீடத்தண்டை ஒரே அப்பம்தான்.

*தோழியைப் பற்றிக் கைபேசியில் வந்த வம்பை நான்கு பேருக்கு அனுப்பினால் என்ன? நானா எழுதினேன்?* பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கற்பனைக்கு லுத்தர் சொல்லும் பொருள், பொய் சொல்லாமல் இருப்பதோடு நிற்பதில்லை. பிறரைப் பற்றி நல்லதைப் பேசவேண்டும், அவருக்காகப் பரிந்து நிற்கவேண்டும், அவர் செய்ததைக் கூடிய மட்டும் நல்ல விதமாகவே எடுத்துக்கொள்ளவேண்டும் என்கிறார். ஆகவே, அனுப்பாமல் இருந்தால் பாதிதான் நிறைவேறுகிறது. மறுநாள் வகுப்பில் அந்தத் தோழியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் மீதிப் பாதி.

*தம்பி மட்டும் ஏன் தட்டுக் கழுவக்கூடாது?* இதைக் கேட்கும் பெண்களுக்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. திருமணத்தைப் பற்றி 1522-ல் எழுதிய நூலில் லுத்தர், குழந்தையின் அழுக்குத் துணியை அலசும் தகப்பனைப் பற்றிச் சொல்கிறார். ஊரார் அவனைப் பார்த்துக் கேலியாகச் சிரிப்பார்கள். கடவுளோ தம் தூதர்களோடு சேர்ந்து மகிழ்ச்சியாகச் சிரிப்பார் என்கிறார். விசுவாசத்தோடு செய்தால் மடத்துத் துறவியின் தவத்துக்கு வீட்டு வேலை எவ்விதத்திலும் தாழ்ந்ததல்ல என்பது அவர் கொள்கை. 1524-ல் நகரசபையாருக்கு எழுதியபோது, பையன்களுக்கு மட்டுமல்ல, பெண் குழந்தைகளுக்கும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டவரும் அவரே.

சந்தேகம் வந்தால்?

கடவுள் இருப்பதே சில நாள் தோன்றவில்லை என்கிற பிள்ளைக்கு என்ன சொல்வது? விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதியை விளக்கும்போது, சொந்த அறிவாலோ பலத்தாலோ நம்மால் விசுவாசிக்க முடியாது, பரிசுத்த ஆவியே நம்மை அழைக்கிறார் என்று லுத்தர் சொல்லிவைத்திருக்கிறார். அதாவது, நமக்கு ‘தோன்றுவது’ அஸ்திவாரம் அல்ல. சந்தேகப்படும் பிள்ளை வாசலுக்கு வெளியே போய்விட்ட பிள்ளையும் அல்ல.

‘என்னுடையது’ என்ற சொல்லுக்கு விலை கொடுத்த பிள்ளைகளும் உண்டு. கிழக்கு ஜெர்மனியில் 1955 முதல், பதினாலு வயதுப் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தலுக்குப் போட்டியாக அரசாங்கமே ஒரு சடங்கு நடத்தியது. சமதர்ம அரசுக்கு உறுதிமொழி கொடுக்கும் சடங்கு அது. மறுத்த பிள்ளைகள் பலருக்கு மேல்படிப்பின் கதவு அடைபட்டது. பெரும்பாலோர் உறுதிமொழி கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நாம் யார்? அதற்குப் போகாமல் 1970-ல் திடப்படுத்தல் பெற்ற ஒரு போதகர் மகள், பிற்காலத்தில் 2005 முதல் 2021 வரை ஜெர்மனியின் ஆட்சித் தலைவியாக இருந்த ஆங்கெலா மெர்க்கல். ஆனால் அரசாங்க இளைஞர் சங்கத்தில் அவரும் சேர்ந்துதான் இருந்தார். அந்த வயதில் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தீர்த்துவிட முடிவதில்லை.

பதில் இல்லாத கேள்வி

ஞானோபதேசம் வெளிவந்த அதே 1529-ல் லுத்தர் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மக்தலேனா என்று பெயர். 1542 செப்டம்பரில், பதின்மூன்று வயதில், அவள் நோயில் விழுந்து தகப்பனின் கைகளிலேயே உயிர் விட்டாள். ஐரோப்பா முழுவதும் உபதேசம் கேட்ட வாய் அன்றைக்கு அழுதது. அவள் பாக்கியமான இடத்துக்குப் போயிருக்கிறாள், நாங்கள் நன்றி சொல்லவேண்டியவர்கள், ஆனால் பெற்ற பாசத்தால் எங்களால் முடியவில்லை என்ற கருத்துப்பட நண்பர் ஒருவருக்கு எழுதினார். விசுவாசத்தையும் அவர் விடவில்லை, கண்ணீரையும் மறைக்கவில்லை.

“பாட்டியை ஏன் கடவுள் காப்பாற்றவில்லை?” என்று உங்கள் பிள்ளை கேட்டால், ஞானோபதேசம் எழுதியவருக்கே வாய் அடைத்துப்போன கேள்வி அது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். “எனக்கும் தெரியவில்லை, கண்ணே. வா, சேர்ந்து ஜெபம் பண்ணுவோம்” என்று சொல்வதில் வெட்கம் இல்லை.

ஆகையால் தாய்மார்களே, அடுத்த தடவை பால் பொங்கும்போது கேள்வி வந்தால் அடுப்பை அணைத்துவிடுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, “நீ என்ன நினைக்கிறாய்?” என்று முதலில் கேளுங்கள். திடப்படுத்தல் வகுப்பு வாரத்துக்கு ஒரு நாள்தான். வீட்டில் தினமும் நடத்தலாம்.