ஜார் உட்காருமா? பழைய லேப்டாப்பும் புது வைஃபை கார்டும்

மிக்ஸி ஜார் உடைந்து, புது ஜார் தேடி அலைந்தவர்களுக்கு இது தெரியும். கடையில் அடுக்கி வைத்திருக்கும் ஜார்கள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால், ஒன்று அடித்தட்டில் உட்காராது. உட்கார்ந்தால் பூட்டு திரும்பாது. பூட்டும் திரும்பிவிட்டால் கப்ளரின் பல் சேராது, மோட்டார் மட்டும் கத்தும், சட்னி அரையாது. விவரமான கடைக்காரர் அதனால்தான் முதலில் "என்ன மிக்ஸி வெச்சிருக்கீங்க?" என்று கேட்கிறார். பழைய லேப்டாப்புக்கு வைஃபை கார்டு மாற்றப்போகிறவரும் கார்டின் பெட்டியைப் படிக்கும் முன் தன் லேப்டாப்பைப் படிக்க வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட லேப்டாப்பை வைத்தே பேசுவோம். 2012இல் வந்த லெனோவோ திங்க்பேட் எக்ஸ்230. 12.5 அங்குலத் திரை, மூன்றாம் தலைமுறை இன்டெல் பிராசஸர், 16 ஜிபி வரை ரேம். கெட்டியான உடம்பு என்பதால் பழைய கணினிச் சந்தையில் இதற்கு நல்ல பெயர். எஸ்எஸ்டி போட்டால் எழுதவும் படிக்கவும் படம் பார்க்கவும் இன்றும் போதும். காலை வாரிவிடுவது வைஃபைதான். இந்த மாடலின் விலை குறைந்த வகைகளில் இன்டெல் 2200 போன்ற கார்டுகள் வந்தன. அவற்றுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும். அந்த அலைவரிசையில் நம் நாட்டில் 13 சேனல்கள் இருந்தாலும், ஒன்றின் மேல் ஒன்று படியாமல் பயன்படுபவை 1, 6, 11 என்று மூன்றே. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரவுட்டர்களும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கின்றன. புளூடூத், வயர்லெஸ் மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமும் அங்கேதான் குடியிருக்கின்றன. ஆகவே கார்டு மாற்றுவதன் உண்மையான லாபம் 5 ஜிகாஹெர்ட்ஸுக்குக் குடிபெயர்வதுதான். வைஃபை 6, வைஃபை 7 என்று பெட்டியில் போட்டிருக்கும் எண் எல்லாம் அதற்கு அப்புறம்.

முதல் கேள்வி, அடித்தட்டில் உட்காருமா என்பது. எக்ஸ்230 காலத்து லேப்டாப்புகளில் இருப்பது மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற ஸ்லாட். கார்டின் விளிம்பில் 52 தங்கப்பூச்சுப் பின்கள். இதில் முழு அளவு 30 மில்லிமீட்டர் அகலம், சுமார் 51 மில்லிமீட்டர் நீளம். அரை அளவு அதே அகலம், ஏறக்குறைய 27 மில்லிமீட்டர் நீளம். எக்ஸ்230 கேட்பது அரை அளவு. 2013-14 வாக்கில் எம்.2 வந்தது. அது 22 மில்லிமீட்டர் அகலம், 30 நீளம். அதனால் 2230 என்று பெயர். எஸ்எஸ்டியும் எம்.2 வடிவில்தான் வருகிறது என்றாலும் பின்வரிசையில் வெட்டியிருக்கும் பள்ளம் இடம் மாறியிருக்கும். வைஃபைக்கு ஏ, இ என்ற பள்ளங்கள். எஸ்எஸ்டிக்குப் பி, எம். தவறான ஸ்லாட்டில் கார்டு போகாது. போகவில்லை என்றால் அழுத்தவும் கூடாது.

மினி பிசிஐ எக்ஸ்பிரஸில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பல லேப்டாப்புகளில் அதே வடிவத்தில் இன்னொரு ஸ்லாட் இருக்கும்; சிம் போடும் மோடத்துக்காகவோ, எம்சாட்டா என்ற சின்ன டிஸ்க்குக்காகவோ வைத்தது. கார்டு அதில் அழகாக உட்காரும். ஆனால் உள்ளே போகும் கம்பிகள் வேறு.

கம்பி என்றதும் அடுத்த கேள்விக்கு வந்துவிட்டோம்: கப்ளரின் பல் சேருமா? ஒரு வைஃபை கார்டில் பெரும்பாலும் இரண்டு சாதனங்கள் குடியிருக்கின்றன. வைஃபை பகுதி மதர்போர்டோடு பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகப் பேசுகிறது. புளூடூத் பகுதி பக்கத்திலேயே போகும் யூஎஸ்பி வழியாகப் பேசுகிறது. இரண்டுக்குமான பின்கள் அதே ஸ்லாட்டில்தான். லேப்டாப் செய்தவர் செலவு மிச்சம் என்று யூஎஸ்பி கம்பியை அந்த ஸ்லாட்டுக்கு இழுக்காமல் விட்டிருந்தால், வைஃபை பிரமாதமாக வேலை செய்யும், புளூடூத் இருக்கும் சுவடே தெரியாது. கார்டு பழுது என்று திருப்பி அனுப்பப்படும் நல்ல கார்டுகளில் இந்த வகை உண்டு. வேகத்தைப் பொறுத்தவரை இந்த வழிகள் குறுகலானவை அல்ல. மிகப் பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஒற்றைத் தடமே விநாடிக்கு 250 மெகாபைட், அதாவது 2 ஜிகாபிட் கொண்டுபோகும். வழக்கமான வைஃபை 5 கார்டு ஒன்றின் உச்சம் 867 மெகாபிட். நெரிசல் இல்லை.

எம்.2 ஸ்லாட் உள்ள லேப்டாப் வைத்திருப்பவர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது. மிக்ஸியில் மோட்டார் அடித்தட்டில் இருக்கிறது, ஜாரில் பிளேடு மட்டும். மோட்டாரும் பிளேடும் ஒன்றாகவே உள்ள கையடக்க பிளெண்டர் வேறு வகை. பிளக்கில் செருகினால் எந்த வீட்டிலும் சுற்றும். வைஃபை கார்டுகளிலும் இந்த இரண்டு வகை உண்டு. வழக்கமான கார்டு பிளெண்டர் மாதிரி, எல்லாவற்றையும் தன்னோடு கொண்டுவருகிறது. 2017 கடைசியிலிருந்து இன்டெல் சிஎன்விஐ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இதில் கணக்கு வேலை செய்யும் பாதி இன்டெல் சிப்செட்டுக்குள்ளே போய்விட்டது. கார்டில் ரேடியோ பகுதி மட்டும் மிச்சம். அடித்தட்டில் மோட்டார் இல்லாத லேப்டாப்பில் இந்தக் கார்டு வெறும் ஜார்தான்.

சிக்கல் என்னவென்றால் இரண்டும் எம்.2 ஸ்லாட்டில் ஒன்றுபோல் உட்காரும், பெயரும் ஒன்றுபோல் இருக்கும். ஏஎக்ஸ்200 தனித்து இயங்கும், ஏஎக்ஸ்201 இயங்காது. ஏஎக்ஸ்210 இயங்கும், ஏஎக்ஸ்211 இயங்காது. கடைசி எண் பூஜ்யமா ஒன்றா என்று பாருங்கள். முந்தைய தலைமுறையில் 9260 தனித்தது, 9560 ஒட்டுண்ணி. புது லேப்டாப்புகளிலிருந்து கழற்றிய 201கள் சந்தையில் மலிவாகக் குவிந்து கிடக்கின்றன; மலிவைப் பார்த்து ஏழாம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புக்கோ ஏஎம்டி லேப்டாப்புக்கோ வாங்கினால் அது சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளத்தான் ஆகும்.

எக்ஸ்230க்குத் திரும்புவோம். அளவு சரி, பின்கள் சரி, கார்டும் தனித்து இயங்கும் வகை. செருகி, மூடி, பவர் பட்டனை அழுத்துகிறோம். விண்டோஸ் வருவதற்கு முன்பே கருப்புத் திரையில் 1802 என்ற எண்ணோடு ஓர் அறிவிப்பு: அனுமதியில்லாத நெட்வொர்க் கார்டு செருகப்பட்டுள்ளது, அணைத்துவிட்டு அதை அகற்று. அவ்வளவுதான், லேப்டாப் அதற்கு மேல் நகராது. எச்பியின் பழைய லேப்டாப்புகளில் 104 என்ற எண்ணோடு இதன் உடன்பிறப்பு வரும்.

ஜாரின் அடியில் ஒட்டியிருக்கும் கம்பெனி ஸ்டிக்கரைப் படித்து, தன் கம்பெனி இல்லை என்றால் வீட்டு மெயினையே அணைத்துவிடும் மிக்ஸியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் பயாஸ் என்ற உள் மென்பொருளில் இருக்கும் வெள்ளைப்பட்டியல், அதாவது அனுமதித்த கார்டுகளின் பட்டியல், செய்வது அதைத்தான். ஒவ்வொரு கார்டும் தன் சிப்புக்குள் சில அடையாள எண்களைச் சுமக்கிறது. முதல் எண் சிப் செய்தவரைச் சொல்லும்: இன்டெலுக்கு 8086 (அவர்களுடைய புகழ்பெற்ற பழைய பிராசஸரின் எண்ணேதான், குசும்பு), ரியல்டெக்குக்கு 10இசி, பிராட்காமுக்கு 14இ4. இரண்டாவது, எந்தச் சிப் என்று சொல்லும். மூன்றாவதாக ஒரு துணை எண் இருக்கிறது. இந்தக் கார்டு யாருக்காகச் செய்யப்பட்டது என்று சொல்வது அது. லெனோவோவுக்கு 17ஏஏ, எச்பிக்கு 103சி. எக்ஸ்230இன் பயாஸ் இவை எல்லாவற்றையும் தன் பட்டியலோடு ஒப்பிடுகிறது. அதனால் ஒரே இன்டெல் 6205 கார்டு, லெனோவோவுக்காகச் செய்யப்பட்டதென்றால் ஓடும். பொதுச் சந்தைக்காகச் செய்யப்பட்டதென்றால் லேப்டாப்பே எழுந்திருக்காது. சிப்பில் மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.

இதற்கு நிறுவனங்கள் சொன்ன காரணம், ரேடியோவும் ஆன்டெனாவும் சேர்ந்த முழு லேப்டாப்புக்கே அமெரிக்காவின் எஃப்சிசி போன்ற அமைப்புகளிடம் அனுமதி வாங்குகிறோம், இடையில் வேறு ரேடியோவை வைத்தால் அனுமதி செல்லாது என்பது. முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே விதிகளுக்குக் கீழே லேப்டாப் விற்ற டெல், பொதுவாக இப்படிப் பூட்டு போடவில்லை. காரணம் விதி மட்டும்தான் என்று நம்புவது கடினம்.

இந்தப் பூட்டைத் தாண்ட இரண்டு வழி. நேர்வழி: லெனோவோவின் எஃப்ஆர்யூ என்ற உதிரி எண் அச்சிட்ட கார்டைத் தேடி வாங்குவது. எந்தெந்த எண்கள் அந்த மாடலுக்கு ஒத்துவரும் என்பது லெனோவோ வெளியிட்டிருக்கும் பராமரிப்புக் கையேட்டில் பட்டியலாக இருக்கிறது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். எக்ஸ்230க்கு இந்த வழியில் 6205 கிடைக்கும்: வைஃபை 4, இரண்டு அலைவரிசை, உச்சம் 300 மெகாபிட். சுற்றுவழி: பயாஸையே மாற்றுவது. எக்ஸ்230, டி430 வரிசைக்கு 1வைரெய்ன் என்றொரு மென்பொருள் இருக்கிறது, பட்டியலை நீக்கிவிடும். பயாஸ் பதிப்பு புதிதாக இருந்தால் முதலில் பழையதற்கு இறங்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் லேப்டாப் செங்கல்லாகும் அபாயம் உண்டு. வீட்டில் இருக்கும் ஒரே கணினியில் இதைச் செய்யும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உபரியாக ஒன்று கிடந்தால் தாராளமாக.

ஆன்டெனாவுக்கு மிக்ஸியில் ஒப்பு எதுவும் இல்லை, தேடவும் வேண்டாம். திரையின் விளிம்புக்குள் ஒளிந்திருக்கும் உலோகப் பட்டைகளிலிருந்து மெல்லிய கம்பிகள் கீல் வழியாக இறங்கி வந்து கார்டின் தலையில் பொத்தான்போல மாட்டிக்கொள்கின்றன. இரண்டு கம்பி இருந்தால் இரண்டு தாரை, அதாவது ஒரே நேரத்தில் இரண்டு தரவு ஓட்டம், வாங்கும் கார்டு. மூன்று இருந்தால் இன்டெல் 6300 போன்ற மூன்று தாரைக் கார்டும் முடியும். ஒரே ஒரு கம்பி மட்டும் இருக்கும் சிக்கன லேப்டாப்பில் எவ்வளவு விலைக்குக் கார்டு வாங்கினாலும் வேகம் பாதிதான். 2.4 மட்டும் பேசும் கார்டோடு வந்த லேப்டாப்பில் ஆன்டெனாவும் அதற்கு மட்டுமே செய்ததாக இருக்கலாம். 5 ஜிகாஹெர்ட்ஸில் ரவுட்டர் இருக்கும் அறையைத் தாண்டினால் சிக்னல் விழும்.

அந்தப் பொத்தான்களிலும் இரண்டு அளவு. மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் காலத்தது யூ.எஃப்எல், சுமார் 2 மில்லிமீட்டர். எம்.2 காலத்தது எம்எச்எஃப்4, அதைவிடச் சிறியது. எம்.2 கார்டை அடாப்டர் பலகையில் ஏற்றி எக்ஸ்230இல் போடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்: பலகை உட்காரும், கம்பி மாட்டாது. ஏஎக்ஸ்200 சிப்பை மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் பலகையிலேயே வைத்து விற்கும் கார்டுகளும் உண்டு. வாங்கும் முன் படத்தைப் பெரிதாக்கிப் பொத்தான் அளவைப் பாருங்கள், விற்பவரிடமும் கேளுங்கள்.

டிரைவர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விண்டோஸ் 7ஐ விடமாட்டேன் என்பவருக்கு ஏஎக்ஸ்200 உதவாது. அதற்கு 64 பிட் விண்டோஸ் 10 வேண்டும். ஏஎக்ஸ்210இன் 6 ஜிகாஹெர்ட்ஸ் வசதிக்கு விண்டோஸ் 11 வேண்டும், பழைய பிராசஸர்களை அது முறைப்படி ஏற்பதில்லை. லினக்ஸில் ஏஎக்ஸ்200க்குக் கெர்னல் 5.1, ஏஎக்ஸ்210க்கு 5.10 முதல் ஆதரவு உள்ளே வந்துவிட்டது. பிராட்காம் கார்டுகளை லினக்ஸ்காரர்கள் தவிர்ப்பது நிம்மதி.

எக்ஸ்230க்கு நான் சொல்வது இதுதான். பயாஸைத் தொட விருப்பமில்லை என்றால் லெனோவோ எண் போட்ட 6205. தொட்டாயிற்று என்றால் இன்டெல் ஏசி 7260, அதிலும் பெயரின் கடைசியில் எச்எம்டபிள்யூ என்று வருவது. அதுதான் அரை அளவு மினி பிசிஐ எக்ஸ்பிரஸ். என்ஜிடபிள்யூ என்று முடிந்தால் எம்.2. இதில் வைஃபை 5 உண்டு, புளூடூத் 4.0 உண்டு, பொத்தான் பழைய அளவு, விண்டோஸ் 7க்கும் டிரைவர் உண்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் பழைய கார்டாகவே தேடலாம். இவ்வளவு மெனக்கெட முடியாது என்பவருக்கு யூஎஸ்பி டாங்கிள் இருக்கிறது. ஒன்று மட்டும்: யூஎஸ்பி 3 போர்ட்டின் மின்னிரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும், இன்டெலே 2012இல் அதை ஆய்வறிக்கையாக வெளியிட்டது. டாங்கிளிலும் 5 ஜிகாஹெர்ட்ஸையே பயன்படுத்துங்கள்.

மாட்டும்போது முதலில் சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். பழைய கார்டில் எந்த நிறக் கம்பி எந்த முனையில் இருக்கிறது என்று போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பொத்தான்களை நேர் மேலாக இழுக்க வேண்டும், பக்கவாட்டில் நெம்பக் கூடாது, யூ.எஃப்எல் இணைப்புக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுளே 30 முறை மாட்டிக் கழற்றுவதுதான். புதுக் கார்டை மாட்டியதும் எல்லா ஸ்குரூவையும் முடுக்குவதற்கு முன் ஒரு தடவை ஆன் செய்து பாருங்கள். கார்டு தெரிகிறது, ஆனால் வைஃபை ஸ்விட்ச் அணைந்திருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தால், மினி பிசிஐ எக்ஸ்பிரஸில் அது 20ஆம் பின் வேலை. ரேடியோவை அணைக்கச் சொல்லும் செய்தி அந்தப் பின் வழியாகத்தான் கார்டுக்கு வருகிறது. லேப்டாப்பின் பக்கவாட்டு ஸ்விட்சைத் தள்ளிப் பார்த்தும் மாறவில்லை என்றால், அந்த ஒற்றைப் பின்னின் மேல் மட்டும் மெல்லிய இன்சுலேஷன் டேப் துண்டு ஒட்டிச் செருகினால் ரேடியோ விழித்துக்கொள்ளும்.